மாவுச்சத்துச் சங்கத்தின் ஏழாவது ஆள்

என் அக்காவிடம் வாதாடி ஜெயிக்கிறவன் இனிமேல்தான் பிறக்க வேண்டும். துணி ஆலையில், பாவு நூலுக்குக் கஞ்சி போடும் பிரிவில் அவள் வேதியியலாளர். நூல் அறுந்தால் தறிக்காரர்கள் நூலைத் திட்டுவார்கள். அவள் கஞ்சியைத் திட்டுவாள். ஒரு நாள் வழுக்குகிற கஞ்சி மறுநாள் ஏன் இறுகித் தொலைக்கிறது என்று கேட்டுக் கேட்டே பாதி ஆயுளைக் கழித்தாள். பெண் பார்க்க வந்தவர்களிடமும் அதையே பேசினாள். வந்தவர்கள் வந்த வழியே போனார்கள்.

மாவுச்சத்து ஆய்வுச் சங்கத்தைத் தொடங்கியவர் ஒரு பேராசிரியர். ஒவ்வொரு ஆலையும் ஒரே தப்பைத் தனித்தனியாகச் செய்து, வெளியே தெரியாமல் மூடி மறைத்த காலம் அது. எல்லாரும் ஓர் அறையில் உட்கார்ந்து காய்ச்சிப் பார்ப்போம் என்றார். விதியை எழுதியது அக்கா. சேர வருகிறவர் எந்தக் கொம்பனாக இருந்தாலும் உறுப்பினர்கள் கண் முன்னால் மாவைக் காய்ச்சி, தான் கண்டதைச் சொல்ல வேண்டும். எல்லார் கையும் உயர்ந்தால்தான் இடம். சிபாரிசு செல்லாது.

சில வருஷம் நன்றாக ஓடியது. பிறகு பேராசிரியருக்குச் சர்க்கரை ஆராய்ச்சியில் மோகம் வந்தது. புதுச் சங்கம், புதுக் கட்டடம். இனிப்பைக் கண்ட எறும்பு நிற்குமா? பாதிப் பேர் அவர் பின்னாலேயே போனார்கள். ஆலையும் கொடுத்த அறையைத் திருப்பிக் கேட்டது. அக்கா அடுப்பையும் பாத்திரங்களையும் தூக்கிக்கொண்டு என் பைண்டிங் கடை மாடிக்கு வந்து சேர்ந்தாள். ஒரு வார்த்தை என்னைக் கேட்கவில்லை.

அந்த வருஷக் கூட்டத்துக்கு மிஞ்சியது ஆறு பேர். ஏழு பேர் இல்லாவிட்டால் பதிவு ரத்தாகிவிடும், சங்கம் அன்றோடு சரி. வாய் ஓயாமல் கேலி செய்தவன்தான் நான். ஆனாலும் அவள் முகத்தைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

"நான் சேர்றேன்க்கா. புத்தகம் ஒட்டுற பசையும் மாவுதானே?"

"விதி தெரியும்ல?"

"பசையிலேயே பொழப்பு நடத்துறவன்கிட்ட கேக்குற கேள்வியா இது?"

உண்மையைச் சொன்னால், கடையில் பசை காய்ச்சுவது என் மனைவி. நான் தடவுவதோடு சரி. ஆறு பேரும் என்னையே பார்க்க, தண்ணீர் கொதித்தது. மாவை அள்ளி அப்படியே கொட்டினேன். கோலி கோலியாகக் கட்டி தட்டியது. கிண்டக் கிண்ட இன்னும் மோசமானது.

காகித ஆலைக்காரர் நல்ல மனுஷர். "ஏதோ ஒட்டும்மா, விடுங்க," என்று கையைத் தூக்கினார். மற்ற நால்வரும் தூக்கினார்கள். அக்காவின் கை மடியை விட்டு அசையவில்லை.

"இது பசை இல்ல."

"அக்கா, இன்னைக்கு ஏழு பேர் இல்லன்னா..."

"எனக்குத் தெரியாதா? கூட்டம் இன்னும் முடியல. அடுப்பு எரியுது, மாவு இருக்கு. திரும்பக் காய்ச்சு."

கூடப்பிறந்தவள் என்றும் பார்க்காமல் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு கட்டியை எடுத்து அட்டை வெட்டும் கத்தியால் அறுத்தேன். மேலே வழவழப்பு. உள்ளே காய்ந்த மாவு! கொதிக்கும் தண்ணீரில் கிடந்தும் ஒரு பொட்டு ஈரமில்லை. வெளிப்பக்கம் முதலில் வெந்து கதவைச் சாத்திக்கொண்டால் உள்ளே தண்ணீர் எப்படிப் போகும்? என் மனைவி ஏன் மாவைப் பச்சைத்தண்ணீரில் கரைத்துவிட்டு ஊற்றுகிறாள் என்று, குடும்பம் நடத்தி இத்தனை வருஷம் கழித்து அப்போதுதான் உறைத்தது. கரைத்து ஊற்றிக் கிண்டினேன். பளபளவென்று வந்தது பசை. அறுத்துப் பார்த்ததையும் கண்டதையும் அப்படியே சொன்னேன்.

முதலில் உயர்ந்தது அக்காவின் கைதான். சங்கம் பிழைத்தது. ஓய்வு பெற்ற பிறகும் அவளே தலைவி, மாடியில் இப்போது உட்கார இடமில்லாத அளவுக்குக் கூட்டம்.

அன்று படி இறங்கும்போது கேட்டேன், "ரெண்டாவது தடவையும் கட்டி தட்டியிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"சங்கம் இன்னையோட போயிருக்கும்."

"உனக்கு வலிச்சிருக்காதா?"

"செத்தே போயிருப்பேன்டா," என்றாள். "ஆனா கையத் தூக்கியிருக்க மாட்டேன்."