சாயங்கால வகுப்பு அம்சவள்ளி

மரக்காணம் உப்பளத்தில் அம்சவள்ளியைத் தெரியாதவர்கள் கிடையாது. உப்பு வாரினாலும் சரி, வாய்ச்சண்டை போட்டாலும் சரி, எதையும் அரைகுறையாக விடமாட்டாள். அப்படிப்பட்டவள் படிப்பை மட்டும் பாதியில் விட்டாள். ஏன் விட்டாள் என்று நினைத்தாலே வயிறு எரிகிறது.

பல்கலைக்கழகத்துக்காரர்கள் கடைத்தெருவில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியை வாடகைக்குப் பிடித்து விரிவாக்க மையம் தொடங்கினார்கள். பகலில் பட்டப்படிப்பு. சாயங்காலம், வேலைக்குப் போகிறவர்களுக்காக அதே பட்டப்படிப்பும் சில சான்றிதழ் படிப்புகளும். முகூர்த்த நாளில் கீழே கெட்டிமேளம் கொட்டினால் மேலே பாடம் நின்றுவிடும், அது வேறு கூத்து. பன்னிரண்டாவது முடித்த கையோடு தாலிக்குக் கழுத்தை நீட்டியவள் அம்சவள்ளி. மகள் தமிழ்நிலாவைப் பகல் வகுப்பில் பி.ஏ. தமிழுக்குச் சேர்க்கப் போனவள், அதே படிப்புக்குச் சாயங்கால வகுப்பில் தன் பெயரையும் கொடுத்துவிட்டு வந்தாள்.

"இன்னாமே, கலெக்டரா ஆவப் போறியா?" என்று சிரித்தான் புருஷன் பக்கிரி.

"ஆனா உனக்கென்ன கஷ்டம்? கார்ல முன்சீட்ல உக்காந்துக்கோ."

மகளுக்குத்தான் மானம் போயிற்று. அம்மா உப்பளத்திலிருந்து நேராக வருவாள். புடவைக் கரையில் உப்பு பூத்திருக்கும். "எங்க பேட்ச் கெளம்புனப்புறம் வாம்மா, பசங்க கலாய்க்கறாங்க" என்றாள். அம்சவள்ளி அதற்கும் தலையாட்டினாள். இருவருக்கும் ஒரே புத்தகம்தான். மகள் அதை ஜெராக்ஸ் கடையில் கொடுத்துவிட்டுப் போவாள், தாய் அங்கே வாங்கிக்கொண்டு மாடிப்படி ஏறுவாள். பெற்ற தாயும் மகளும், தெருவில் எதிர்ப்பட்டால் யாரோ எவரோ! இருந்தும் அவள் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. இலக்கணப் பாடம் கேட்கும்போது அவளுக்குப் பசிகூடத் தெரியாது. மழை மாதங்களில் உப்பளத்தில் வேலை இருக்காதே, அப்போது பகலெல்லாம் படித்தாள்.

தேர்வு முடிவு வந்தது. இலக்கணத்தில் தாய் தேறிவிட்டாள். மகள் தவறிவிட்டாள்.

வீட்டோடு போயிருக்க வேண்டிய விஷயம். கூட உப்பு வாரும் கொளஞ்சிதான் போனில் முடிவைப் பார்த்துச் சொன்னவள், அவளுக்குத் தலைகால் புரியவில்லை. நல்ல மனசுக்காரிதான், வாய்தான் ஓட்டை. தெருவெல்லாம் ஆரஞ்சு மிட்டாய் கொடுத்து, "ஆத்தா பாஸு, பொண்ணு பெயிலு! கூத்தப் பாத்தீங்களா?" என்று சொல்லிக்கொண்டே போனாள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? தமிழ்நிலா கதவைச் சாத்திக்கொண்டாள். சோறு வேண்டாம், காலேஜும் வேண்டாம்.

அம்சவள்ளி கதவுக்கு வெளியே நின்று ஒரு பொய் சொன்னாள். "எனக்கும் போயிடுச்சு கண்ணு. கொளஞ்சி தப்பா பாத்துட்டு சொல்லிட்டா. எனக்கெல்லாம் படிப்பு வராது. நான் நின்னுக்கறேன், நீ போ."

அதோடு சரி, அந்த மாடிப்படி அவள் ஏறவில்லை. பாடம் நடத்திய வைஜெயந்தி மேடம் உப்பளத்துக்கே தேடி வந்தார். "நல்லா படிக்கறீங்க, ஏங்க நிறுத்திட்டீங்க?" வேலை சாஸ்தி மேடம் என்று முனகிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு உப்பை வாரினாள்.

தான் ஒதுங்கினால் மகள் முன்னால் போவாள் என்று அவள் கணக்கு. மகள் கொஞ்சநாள் போனாள், அப்புறம் நின்றாள். கீழ்புத்துப்பட்டில் மாப்பிள்ளை அமைந்தது, கட்டிக்கொடுத்தார்கள். ஆள் சேரவில்லை என்று மையத்தையும் மூடிவிட்டார்கள்.

போன ஆடியில் தமிழ்நிலா புருஷனோடும் கைக்குழந்தையோடும் வந்திருந்தாள். சோறு தின்றுகொண்டிருந்தவள் திடீரென்று சொன்னாள்:

"நீ பாஸுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்மா. உன் நம்பரப் போட்டு நானும் பாத்தேன்."

அம்சவள்ளி குழம்புக் கரண்டியைச் சட்டியிலேயே போட்டாள். "தெரிஞ்சுமா சும்மா இருந்த?"

"சொன்னா நீ திரும்ப கிளாஸுக்குப் போயிடுவியேன்னுதான். அப்ப எனக்கு அவ்ளோ ஆத்திரம்." சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "நீ நின்னதும், அம்மாவே விட்டுட்டா, நமக்கென்னன்னு ஆயிடுச்சு. நீ பாட்டுக்குப் போயிட்டே இருந்திருந்தா, என்னிக்காச்சும் ரோஷம் வந்து நானும் உன் பின்னாடியே வந்திருப்பேம்மா."

"பாவி, இத இப்ப வந்து சொல்றியேடி" என்றாள் அம்சவள்ளி. மருமகன் வாசலில் உட்கார்ந்திருப்பதைக்கூடப் பார்க்காமல் ஓவென்று அழுதாள்.