லட்சுமியை விரட்டிய சிஸ்டர்

எங்கள் அப்பா குழந்தைசாமிக்கு அன்னவாசலில் ஜவுளிக்கடை. உட்கார்ந்து காலாட்டினால் லட்சுமி எழுந்து போய்விடுவாள் என்பது அவர் நம்பிக்கை. எனக்கோ உட்கார்ந்தாலே கால் தானாக ஆடும். லட்சுமி போனாளோ இல்லையோ, துணி அளக்கும் கஜக்கோல் தவறாமல் என் முழங்காலுக்கு வந்துவிடும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டதற்கும் இந்தக் கால்தான் காரணம் என்பார். கணக்குப் பாடமும் ஒரு காரணம்.

செபமாலை சிஸ்டரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். காலில் தொடங்கினால்தான் அவரிடம் போய்ச் சேர முடியும்.

போன வருஷம் அப்பாவுக்குக் குடல்வால் வெடித்துவிட்டது. புதுக்கோட்டையில் ஆஸ்பத்திரியில் சேர்த்து, வயிற்றைத் திறந்து தைத்தார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. மூச்சு மேலும் கீழும் வாங்கியது.

"படுத்தபடியே பாதத்தை ஆட்டிக்கிட்டே இருக்கணும். இல்லேன்னா கால்ல ரத்தம் கட்டிக்கும். அந்தக் கட்டி நெஞ்சுக்குப் போச்சுன்னா ஆளு தேறுறது கஷ்டம்" என்று டாக்டர் சொல்லிவிட்டு, பொறுப்பை நர்ஸ் செபமாலையிடம் விட்டார்.

செபமாலை ஆவூர்க்காரர். ஆள் ஒல்லி, குரல் மட்டும் வார்டை நிறைக்கும். கட்டில் கட்டிலாகப் போய்ப் போர்வையை விலக்கி, "ம், ஆட்டுங்க" என்பார். நான் அவருக்குக் 'கால் போலீஸ்' என்று பெயர் வைத்தேன். வார்டே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டது.

அப்பா மட்டும் அசையவில்லை. "படுக்கையில கெடந்து காலாட்டுனா குடும்பம் வெளங்காதும்மா" என்று முனகினார். என்னைப் பெத்த ஆத்தா வேறு கால்மாட்டில் உட்கார்ந்து, அவர் காலை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டாள்.

"லட்சுமி போனா திரும்பி வருவா. நீங்க போனா வருவீங்களாண்ணே?" என்றார் சிஸ்டர்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். சிஸ்டர் ஆத்தா பக்கம் திரும்பினார். குரல் இறங்கிவிட்டது.

"எந்தங்கச்சி மரியசெல்வம் பிள்ளை பெத்துப் படுத்திருந்துச்சு. ஒத்தக் கால் வீங்கிக் கெடந்துச்சு. அசையாதடின்னு நாந்தான் போத்தி வச்சேன். எந்திரிச்சு நின்ன அன்னிக்கே நெஞ்சைப் புடிச்சிக்கிட்டு விழுந்துருச்சு. அப்பறந்தான் நான் நர்ஸ் வேலைக்குப் படிச்சேன். கையை எடுங்கக்கா."

ஆத்தா கையை எடுத்தாள். அப்போதும் அப்பாவின் கால் கட்டை மாதிரிதான் கிடந்தது. வார்டே பார்க்க அழுதால் என் மரியாதை என்னாவது? எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றுதான். ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவர் வலது காலருகே, கண்ணில் படும்படி உட்கார்ந்து, தடதடவென்று காலாட்டினேன்.

அப்பா கண்ணைத் திறந்தார். "ஏண்டா மூதேவி!" கை கஜக்கோலைத் தேடித் தடவியது. கோல் இல்லாததால் வலது கால் என்னை எத்துவதற்கு நீண்டது.

"நிறுத்தாதடா, ஆட்டு!" என்று சிஸ்டர் கத்தினார். "இப்ப அங்கிட்டுப் போயி உக்காரு, எடது காலும் எத்தட்டும். அண்ணே, மெல்ல, தையல் இருக்கு!"

சாயங்காலத்துக்குள் அப்பாவுக்கு எங்கள் தந்திரம் விளங்கிவிட்டது. ஆனாலும் எத்துவதை நிறுத்தவில்லை. "இது காலாட்டுறதில்ல, மகனைக் கண்டிக்கிறது" என்றார். லட்சுமிக்கு அந்தச் சமாதானம் போதுமாக இருந்திருக்க வேண்டும். காய்ச்சல் இறங்கியது. அப்பா சிஸ்டர் தோளைப் பிடித்து நடந்து, பிறகு தானாக நடந்து, வீடு வந்து சேர்ந்தார்.

சேலை ஒன்று எடுத்துக் கொடுத்தோம். சிஸ்டர் வாங்கவில்லை. "நோயாளிக்குக் கால்ல ரத்தம் கட்டாம சுத்துறதுக்குத் துணி இருந்தாக் கொடுங்க" என்றார். அன்றிலிருந்து கடையில் விழும் நல்ல துண்டுத் துணியை அப்பா யாருக்கும் விற்பதில்லை. துவைத்து மடித்து என்னிடம் கொடுத்தனுப்புவார்.

போன வாரமும் மூட்டையோடு போனேன். சிஸ்டர் ஒரு பெரியவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெரியவரும் காலை அசைக்காமல் கண்ணை இறுக மூடியிருந்தார். சிஸ்டர் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, காலால் ஸ்டூலைத் தள்ளிவிட்டார்.

"வாடா காலாட்டி. நல்ல நேரத்துல வந்த. உக்காரு."