எங்கே வெட்டினாலும்

மருத்துவமனையின் சலவைப் பிரிவில் அவருக்கு 'எதிர்க்கட்சி' என்று பெயர். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுவது வேலை. உணவு இடைவேளையில் படித்த நாளிதழை நீராவிக்கு நடுவே மனத்துக்குள் மறுபடி விரித்து, கட்டுரையாளர் எந்த இடத்தில் வழுக்கினார் என்று தேடிக்கொண்டிருப்பார். கண்டுபிடித்துவிட்டால் கையில் இஸ்திரிப் பெட்டி வேகமாக ஓடும்.

"இன்னிக்கு எவனோ மாட்டிக்கிட்டான்டி" என்பாள் பக்கத்து மேசைக்காரி.

இந்தப் பழக்கத்தைத் தொடங்கிவைத்தவரே ஒரு கட்டுரையாளர்தான். வாரந்தோறும் அரைப் பக்கம் எழுதுகிறவர். கட்டுரைக்கு மேலே தாடையில் கைவைத்தபடி ஒரு புகைப்படம். இடது கைப் பழக்கமுள்ள பிள்ளைகளை முளையிலேயே திருத்தாவிட்டால் ஒழுக்கம் கெட்டுவிடும் என்று ஒருமுறை எழுதினார். எதிர்க்கட்சி இடது கைக்காரர். பள்ளியில் அந்தக் கையை நாற்காலியோடு கட்டிவைத்து எழுதப் பழக்கினார்கள். அன்று மாலையே ஆசிரியருக்குக் கடிதம் போனது: 'ஐயா, இதை இடது கையால் எழுதுகிறேன். என் ஒழுக்கம் எந்த வரியில் கெட்டிருக்கிறது என்று கட்டுரையாளர் காட்டினால் திருத்திக்கொள்கிறேன்.' கடிதம் அப்படியே அச்சில் வந்தது. கட்டுரையாளர் எந்த வரியையும் காட்டவில்லை.

அதன்பிறகு எதிர்க்கட்சி பேனாவை மூடவில்லை. ஏழைகள் சோம்பேறிகள் என்று எழுதியவருக்கும், பெண்களுக்குக் கணக்கு வராது என்று எழுதியவருக்கும் பதில் போனது. எழுதுவதில் அவருக்கு ஒரு விதி உண்டு. எதிராளி சொன்னதை முதலில் முழுசாகச் சொல்லிவிட வேண்டும். "அவன் படிச்சாலும், 'ஆமா, இதைத்தான் சொன்னேன்'னு தலையாட்டணும். அப்புறம்தான் அடி" என்பார். அரைப் பக்கத்தைச் சொந்த வீடுபோல் வைத்திருப்பவர்களுக்கு இல்லாத நேர்மை, நாலு வரி இடத்துக்குக் காத்துக்கிடப்பவருக்கு இருந்தது.

அந்த நேர்மைதான் ஒருநாள் அவர் காலை வாரியது.

சலவைப் பிரிவுக்குப் பின்னால் ஊழியர்களின் பிள்ளைகளுக்காக ஒரு காப்பகம் இருக்கிறது. மஞ்சள் சுவர், குட்டி நாற்காலிகள், எப்போதும் ஒரு சக்கரம் குறைந்த பொம்மை லாரி. அதை மூடிவிடலாமா என்று நிர்வாகம் யோசித்துக்கொண்டிருந்தது. எதிர்க்கட்சியின் தம்பி மனைவி அங்கேதான் பிள்ளையை விட்டுவிட்டு, தையல் பிரிவில் கிழிந்த உடைகளைத் தைக்கிறாள். தம்பி ஓட்டுவது நிஜ லாரி. வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருப்பதில்லை. காப்பகத்தை மூடினால் அவள் வேலையை விட வேண்டியதுதான்.

அந்த வாரம் பார்த்துத் தாடைக்காரர் எழுதினார்: தாய் மடிக்கு மாற்று இல்லை, காப்பகங்கள் பிள்ளைகளை அநாதைகளாக்குகின்றன என்று. தாய் மடியைப் பற்றி இப்படி உருகுகிறவர்களில் எத்தனை பேர், அந்தத் தாய் வேலை முடிந்து வரும்வரை பிள்ளையைத் தங்கள் மடியில் வைத்திருக்கத் தயார்?

எதிர்க்கட்சி எழுதினார். எழுதியதில் அச்சில் வந்தது இவ்வளவுதான்: 'பிள்ளைக்குத் தாயின் அருகாமைக்கு ஈடாக எதுவுமில்லை என்று கட்டுரையாளர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எங்கள் காப்பகத்தில் அழும் குழந்தையைப் பார்த்து எனக்கும் மனம் கலங்கியிருக்கிறது.' கீழே அவர் பெயர், மருத்துவமனை ஊழியர் என்ற குறிப்பு. தலைப்பு வேறு: 'தாய் மடியே சிறந்தது'. மறுப்பு முழுவதும் அதற்குக் கீழே இருந்தது, அதைக் காணோம்.

அலுவலகத்தில் யாரோ அதை வெட்டி அறிவிப்புப் பலகையில் குத்திவிட்டார்கள். தையல் பிரிவே வந்து படித்தது. வீட்டுக்கு வந்ததும் தம்பி மனைவி பையைப் பொத்தென்று போட்டாள்.

"எதிர்க்கட்சி வேலையிடத்துலதான்னு நினைச்சேன் அண்ணி. வீட்டுக்குள்ளயே இருக்குன்னு இப்பதான் தெரியுது."

"நான் எழுதினதை முழுசா படிக்காம பேசாதே."

"முழுசாத்தான் படிச்சேன். முழுசே அவ்ளோதான்!"

அத்தோடு பேச்சு நின்றது. சொல்ல வேண்டியதையெல்லாம் பிள்ளை வழியாகவே சொன்னாள். "அத்தைகிட்ட சொல்லு, சாப்பாடு மேசை மேல இருக்குன்னு." பிள்ளைக்குத் தெரிந்ததோ நாலைந்து சொல்தான். அவன் வந்து, "அத்தை, லாரி" என்றான்.

மறுநாள் எதிர்க்கட்சி நாளிதழுக்குப் போன் போட்டார். கடிதப் பக்கத்தைப் பார்க்கும் உதவி ஆசிரியர் மறைக்கவில்லை.

"வெட்டினது உண்மைதாம்மா. கடைசி நேரத்துல ஒரு விளம்பரம் வந்துடுச்சு. கீழேருந்து வெட்டினோம்."

"கீழதானே தம்பி என் கருத்தே இருந்துச்சு?"

"எல்லாரும் மேலயே சண்டையைத் தொடங்கிடுவாங்கம்மா. நீங்கதான் எதிராளிக்கு வரவேற்புரை வாசிச்சிருக்கீங்க."

"அப்போ திருத்தம் போடுங்க."

"வந்ததெல்லாம் நீங்க எழுதின வாக்கியம்தானே? எதைன்னு திருத்தறது? புதுசா ஒண்ணு எழுதி நாளைக்குள்ள அனுப்புங்க. போட்டுடறேன். ஆனா இடம் எவ்ளோ கிடைக்கும்னு கேட்காதீங்க."

நிர்வாகக் கூட்டம் அந்த வாரக் கடைசியில். எதிர்க்கட்சி சமையலறை மேசையில் உட்கார்ந்தார். எடுத்த எடுப்பிலேயே திட்டலாம்; எளிது. ஆனால் எதிராளி சொன்னதை மறைத்துவிட்டு எழுதினால், அவர் கடிதத்தைப் பாதியோடு வெட்டியவர்களுக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்? எழுதினார், அடித்தார், எழுதினார்.

பின்னால் நிழல் விழுந்தது. தம்பி மனைவி தோளுக்கு மேலாகப் படித்தாள். பையிலிருந்து தையல் கத்தரியை எடுத்தாள். தாளை உருவி, மூன்றாம் வரிக்குக் கீழே நறுக்கென்று வெட்டினாள்.

"இங்க வெட்டுனா?"

எதிர்க்கட்சி மேலே மிஞ்சிய துண்டைப் படித்தார். முகம் சுருங்கியது.

"இப்பவும் நீங்க அவர் கட்சிதான்" என்றாள் தம்பி மனைவி. "வேற எழுதுங்க."

அடுத்த தாள் ஐந்தாம் வரியில் விழுந்தது. அதற்கடுத்தது இரண்டாம் வரியிலேயே. துண்டுகளைப் பிள்ளை பொறுக்கி லாரியில் ஏற்றினான்.

"ஆமா, அழும் குழந்தைன்னு எழுதினீங்களே அண்ணி, அது யாரு?"

"வேற யாரு? நம்ம வீட்டு மகாராசாதான்."

"இவன் அழுறது நான் வாசலைத் தாண்டற வரைக்கும்தான். அப்புறம் லாரியை ஓட்டப் போயிடுவான். துணிக்கு முன்னாடி உட்கார்ந்து அழுறது நான். அந்தச் சுவருக்குப் பின்னாடி இருக்கான்னு நினைச்சாத்தான் ஊசி ஓடும். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

எதிர்க்கட்சி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எத்தனையோ கட்டுரையாளர்களை, 'சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டீர்களா?' என்று கேட்டவர் அவர். பிறகு பேனாவை எடுத்து, "மெதுவாச் சொல்லு" என்றார்.

இந்த முறை ஒவ்வொரு வாக்கியத்திலும் எதிராளியின் நியாயமும் அதற்கான பதிலும் ஒன்றாகவே நின்றன. கத்தரி வந்தது. ஒரு வரியோடு வெட்டிப் பார்த்தாள், நின்றது. மூன்று வரியோடு வெட்டினாள், நின்றது.

"இனிமே எங்க வெட்டினாலும் இது நம்ம கட்சிதான்" என்றாள். துண்டுகளை ஒட்டிப் பார்த்து எதிர்க்கட்சி சுத்தப்பிரதி எடுத்தார்.

உதவி ஆசிரியர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். வெட்டும் வழக்கத்தையும் காப்பாற்றினார். இரண்டே வாக்கியங்கள் வந்தன:

'பிள்ளைக்குத் தாய் அருகில் வேண்டும் என்று கட்டுரையாளர் சொல்வது சரி என்பதால்தான், தாய் வேலை செய்யும் இடத்துக்கு ஒரு சுவர் தள்ளி இருக்கும் காப்பகத்தை மூடக் கூடாது. காப்பகத்தில் பிள்ளைகள் அழுகிறார்கள் என்பதும் சரிதான் என்றாலும், என் தம்பி மகன் அழுவது அவன் தாய் வாசலைத் தாண்டும்வரை, காப்பகத்தை மூடினால் அவள் அழப்போவது வேலை போன பிறகும்.'

தையல் பிரிவுப் பெண்கள் அதை வெட்டி, பழைய துண்டுக்குப் பக்கத்திலேயே பலகையில் குத்தினார்கள். பழையதை யாரும் கிழிக்கவில்லை. "இருக்கட்டும். ரெண்டையும் படிக்கட்டும்" என்றார் எதிர்க்கட்சி. பெண்கள் எல்லோரும் சேர்ந்து, கூட்டத்துக்கு எங்களையும் கூப்பிட வேண்டும் என்று கேட்டார்கள். தம்பி மனைவிதான் பேசினாள். கடிதத்தில் இடம் கிடைக்காத வாக்கியங்களையெல்லாம் அங்கே சொன்னாள். அங்கே வெட்ட யாரும் இல்லை. இந்த ஆண்டு மூடுவதில்லை, அடுத்த முடிவைத் தாய்மார்களைக் கேட்டுத்தான் எடுப்போம் என்று நிர்வாகம் எழுதிக் கொடுத்தது. முழு வெற்றி என்று யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் மறுநாள் காலையும் மஞ்சள் அறை திறந்தது. பிள்ளை வாசல்வரை அழுதுவிட்டு லாரியைத் தேடி ஓடினான்.

அடுத்த வாரம் தாடைக்காரர் பதில் எழுதினார். 'ஓர் அன்பர் உணர்ச்சிவசப்பட்டு எழுதியிருக்கிறார். அவர் வீட்டுப் பெண்களிடம் கேட்டிருந்தால் உண்மை தெரிந்திருக்கும்' என்று.

உணவு இடைவேளை முடிந்தது. இஸ்திரிப் பெட்டி விரிப்பின் மேல் பறந்தது. "போச்சுடா" என்றாள் பக்கத்து மேசைக்காரி.

மாலையில் எதிர்க்கட்சி வீட்டுக்குள் நுழைந்தபோது சமையலறை மேசை துடைத்து, தாளும் பேனாவும் வைக்கப்பட்டிருந்தன. எதிரே தம்பி மனைவி கத்தரியோடு உட்கார்ந்திருந்தாள்.

"எழுதுங்க அண்ணி" என்றாள். "வெட்ட நான் இருக்கேன்."