சரசாவின் எழுபத்து நாலாயிரத்து முந்நூறு

கரி கனிந்து இஸ்திரிப் பெட்டி சூடேற ஏழு நிமிடம் பிடிக்கும். அந்த ஏழு நிமிடமும் சரசாவிடம் யாரும் வாய் கொடுக்கக் கூடாது. வண்டியில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு, அந்தச் சாம்பல் நிற வீடியோ கேம் டப்பாவை இரண்டு கையிலும் பிடித்து, கட்டை விரல்களால் தட்டிக்கொண்டே இருப்பாள். மேலிருந்து கட்டைகள் விழும். இவள் திருப்பித் திருப்பி அடுக்குவாள். ஒரு வரிசை சந்தில்லாமல் நிரம்பினால் அது மறைந்துவிடும். ஆட்டம் அவ்வளவுதான். சட்டை கொண்டுவந்தவர் யாராக இருந்தாலும் நிற்க வேண்டியதுதான். "இன்னா அவசரம்? பொட்டி இன்னும் காயல," என்பாள் தலையைத் தூக்காமல். பெட்டி எப்போதோ காய்ந்திருக்கும். இவள் நீளக் கட்டைக்குக் காத்திருப்பாள்.

கொரட்டூர் ஏரிப் பக்கம் நாலு பிளாக் குடியிருப்பு. கேட்டுக்கு வெளியே சரசாவின் வண்டி, அதற்கு அடுத்து என் பஞ்சர் கடை. பதினாறு வருடமாக அந்த டப்பாவின் கீச்சுக் கீச்சைக் கேட்டுக்கொண்டேதான் டியூப் ஒட்டுகிறேன். "அதை நிறுத்தித் தொலையேன்," என்றால், "நீ சுத்தியால ரிம்மு தட்றியே, அது இன்னா கச்சேரியா, அண்ணாத்தே?" என்பாள். வயது ஐம்பத்திரண்டு. கண்ணாடியை நெற்றியில் ஏற்றித்தான் எதையும் பார்ப்பாள். அப்புறம் எதற்குக் கண்ணாடி என்று நானும் கேட்டதில்லை. துணி மூட்டை கட்டுவதைப் பார்த்தால் ஆட்டத்தின் புத்தி தெரியும். பேன்ட் இப்படி, சட்டை அப்படி, இடுக்கில் ஒரு கைக்குட்டை. ஒரு விரல் நுழையச் சந்து இருக்காது.

நாலு பிளாக் சட்டையும் கலந்துவிடாமல் இருக்க, காலருக்கு உள்பக்கம் வீட்டு நம்பரை மார்க்கர் பேனாவால் எழுதுவாள். எழுதி, வாயால் ஊதி, அதன் மேல் பெட்டியை ஒரு இழுப்பு. "இனிமே சட்டை கிழியும், நம்பரு போவாது." புதுச் சட்டையில் கிறுக்கிவிட்டாள் என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. அவர்கள் வீட்டு நம்பரை அடுத்த முறை கொஞ்சம் பெரிதாக எழுதுவாள்.

டப்பா, அம்பத்தூர் ஓ.டி. பிளாட்பாரத்தில் வாங்கியது. உள்ளே ஒன்பதாயிரத்துச் சொச்சம் ஆட்டம் என்று அதன் மேல் அச்சடித்திருக்கிறது. எண்ணிப் பார்த்தால் ஏழு தேறும். நெருப்புக் கரி விழுந்து ஒரு மூலை உருகிப்போயிருக்கிறது. இரண்டு முறை சாக்கடையில் விழுந்து, ஒரு முறை போர்வையோடு வாளியில் ஊறி எழுந்தது. பேட்டரி மூடி தொலைந்து வருடக் கணக்காகிறது. என் கடை டியூபில் அறுத்த ரப்பர் பட்டைதான் செல்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆனால் ஒன்று, நடு வெயிலில் என் செல்போனில் மணி பார்க்கக் கையால் மறைக்க வேண்டும். அவள் டப்பாவில் வெயில் ஏற ஏற கட்டைகள் பளிச்சென்று தெரியும்.

பி பிளாக் முந்நூற்று நாலில் ஜெகதீஷ் என்று ஒரு பையன். ஈரோட்டுக்காரன், கம்ப்யூட்டர் கம்பெனி, தங்கமான குணம். டி.வி.யில் மாட்டி ஆடும் பெரிய கேம் பெட்டி வைத்திருக்கிறான். "அக்கா, ஒரு தடவ மேல வந்து பாருங்க்கா. ஆட்டத்துல மழை பெஞ்சா ரோட்டுல தேங்குற தண்ணில ஆகாசம் தெரியுமுங்க. அப்புறம் உங்க டப்பாவத் தூக்கி ஏரியில போட்ருவீங்க," என்று ஒரு மாதம் நச்சரித்தான். போனாள். நானும் போனேன், ஏ.சி. இருக்கிறது என்று கேள்விப்பட்டு.

போட்டதும் திரையில் ஒரு கோடு வந்தது. அப்டேட் ஆகிறது, பத்து நிமிடம் என்றான். சரசா பத்து நிமிடம் சோபா நுனியில் உட்கார்ந்தாள். கீழே இறங்கி வந்து நாற்பது துணி தேய்த்தாள். திரும்ப ஏறிப் போனோம். அறுபத்து மூன்று சதவீதம். ஒருவழியாக ஆட்டம் வந்தது. ஒருத்தன் குதிரையில் வந்தான், ஒரு பெண் அழுதாள், ஒரு கோட்டை எரிந்தது. இருபது நிமிடம் இவள் கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு அமுக்கிப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

"அல்லாம் ஷோக்காத்தான் கீது சார். நான் எப்போ ஆடறது?"

"இது கதைங்க்கா. முடிஞ்சதும் ஆடலாமுங்க."

"சினிமாவுக்கு இட்டாறேன்னு மொதல்லயே சொல்லியிருந்தா சோறு துன்னுட்டு வந்திருப்பேனே?"

கடைசியில் அவள் முறை வந்தபோது குதிரை தானாக இடது பக்கமே போய்ச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. ரிமோட்டின் குமிழ் தேய்ந்துவிட்டதாம், வாங்கி ஒரு வருடம்தான் ஆகிறதாம். சரசா இடுப்பிலிருந்து டப்பாவை எடுத்து அதன் பொத்தானை ஒரு தட்டுத் தட்டிக் காட்டினாள், அவ்வளவுதான். மழைத் தண்ணீரில் ஆகாயம் நிஜமாகவே தெரிந்தது. அதில் பொய் சொல்லக் கூடாது.

அவள் டப்பாவில் ஒரு எண் இருக்கிறது. 74,300. பெரிய வெள்ளம் வந்த வருடம் எடுத்தது. நாலு நாள் கரண்ட் இல்லை. தரைத் தள வீட்டு உதயகுமாரின் கேம் பெட்டி டி.வி.யோடு சேர்ந்து தண்ணீரில் கிடந்தது. எல்லோர் செல்போனும் செத்துப்போனது. நாங்கள் ஏறி ஒதுங்கிய இரண்டாவது மாடிப் படிக்கட்டில், ஜன்னல் வெளிச்சத்தில் சரசா ஆட, பிளாக்கே படிக்கு இரண்டு பேராக உட்கார்ந்து எட்டிப் பார்த்தது. இருட்டியதும் ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தி வைத்தாள், டப்பாவில் விளக்கு கிடையாதே. விடிந்ததும் அவரவர் அதே படியில் வந்து உட்கார்ந்தார்கள். "அவசரப்படாத சரசா, நீளக் கட்ட வரும், வரும்!" என்று வீடு மூழ்கிய உதயகுமார்தான் அதிகமாகக் கத்தினார். அந்த எண்ணை அப்புறம் அவளாலேயே தாண்ட முடியவில்லை.

இதில் ஒரு சிக்கல். அணைத்து வைத்தாலும் எண் உள்ளே இருக்கும். செல்லைக் கழற்றினால் சைபர். அதனால் செல் மாற்றுவது எங்களுக்கு ஆபரேஷன் மாதிரி. புது செல் இரண்டை ஒயரில் கோத்து, பழைய செல் உட்கார்ந்திருக்கும் தகட்டில் நான் வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். ஒயர் வழியே கரண்ட் போய்க்கொண்டிருக்கும்போதே அவள் பழையதை உருவி வேறு புதியதைச் செருகுவாள். அதுவரை நான் மூச்சு விடக்கூடாது. வருடத்துக்கு ஒரு முறை, இதுவரை ஒரு தடவையும் கை நடுங்கியதில்லை.

போன வாரம் திரை மங்கிவிட்டது. டியூப் வாங்கிவிட்டு வந்து பிடிக்கிறேன் என்று சொல்லி நான் அம்பத்தூர் போனேன். சரசா டப்பாவை வண்டியில் வைத்துவிட்டு சி பிளாக்குக்கு மூட்டை கொடுக்கப் போனாள். ஆபீஸ் சட்டைக்காக ஜெகதீஷ் நின்றிருந்தான். மங்கிய திரையைப் பார்த்திருக்கிறான். மனசு கேட்கவில்லை. ரிமோட்டுக்கு வாங்கிய உசத்தி செல் பையில் இருந்தது. ரப்பரைக் கழற்றி, பழையதை எறிந்து, புதியதைப் போட்டு, ரப்பரையும் ஒழுங்காக மாட்டிவிட்டான்.

நான் வண்டியை நிறுத்தியபோது சரசா டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கியிருந்தது. அதை நான் பார்த்ததே இல்லை.

"ஸேவ் ஆயிருக்கும்னு நெனச்சேனுங்க," என்றான் பையன். "எங்கூட்டுப் பெட்டில எல்லாம் தானா ஸேவ் ஆயிருமுங்க."

நான்தான், "செல்லுல கை வெக்கறதுக்கு முன்னால ஒரு வார்த்த கேக்கமாட்டியாடா?" என்று கத்தினேன். வேறு டப்பா வாங்கித் தருகிறேன் என்றான். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அந்த எண்ணைத் தானே ஆடி எடுத்துத் தருகிறேன் என்று டப்பாவை வாங்கினான். பெட்டி காய்கிற நேரம் முழுக்க வியர்க்க வியர்க்க ஆடினான். கட்டை மேல் கட்டையாக ஏறி முட்டிக்கொண்டது.

"எவ்ளோ?" என்றாள்.

"ஆயிரத்தித் தொள்ளாயிரமுங்க."

"நல்லா வருவ சார்," என்று டப்பாவை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். அவனுடைய வெளிர் நீலச் சட்டையை எடுத்துப் பலகையில் விரித்தாள். கை, முதுகு, முன்பக்கம் தேய்த்து முடித்து, காலரைப் பிரித்தாள். மார்க்கரின் மூடியைப் பல்லால் கடித்து எடுத்தாள். பி-304 என்று இருந்ததற்குக் கீழே, பொடிப் பொடியாக, 74,300 என்று எழுதினாள். வாயால் ஊதினாள். அதன் மேல் பெட்டியை வைத்து மெதுவாக ஒரு இழுப்பு இழுத்து, சட்டையை மடித்து அவன் கையில் கொடுத்தாள்.