டிரைவர் சீட்டில் ஆள் இல்லாத ஊர்

1. முதல் நாள், தப்பான சீட்

வேலையில் சேர்ந்த முதல் நாளே முப்பது அமெரிக்கக் கார்களில் டிரைவர் இல்லை என்று முடிவுகட்டினேன். காலேஜ் முடித்த வேகம். யாரையும் எதுவும் கேட்கவில்லை.

எங்கள் ஆபீஸ் ராஜபாளையத்தில், ஒரு செல்போன் கடையின் மாடியில் இருக்கிறது. ஆறு பேர், ஆறு கம்ப்யூட்டர். அமெரிக்கத் தெருக்களில் எடுத்த படங்கள் எங்களுக்கு வரும். படத்தில் கார், ஆள், சிக்னல், நாய் என்று எது இருந்தாலும் அதைச் சுற்றி பாக்ஸ் போட்டுப் பேர் கொடுக்க வேண்டும். கார் என்றால் கூடுதலாக ஒரு கேள்வி உண்டு: ஓடுகிறதா, சிக்னலில் நிற்கிறதா, பார்க்கிங்கா? இந்தப் படங்களைப் பார்த்துத்தான் தானாக ஓடும் வண்டிகள் ரோட்டைப் படிக்கின்றன.

சிக்கல் என்னவென்றால் படங்கள் வரிசையாக வராது. கலைத்துப் போட்ட சீட்டுக்கட்டு மாதிரி வரும். ஒற்றைப் படத்தை வைத்து வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்று எப்படிச் சொல்வது? நான் ஒரு குறுக்கு வழி பிடித்தேன். ஜூம் பண்ணி டிரைவர் சீட்டைப் பார்ப்பது. ஆள் இல்லையென்றால் பார்க்கிங்.

டீம் லீட் செல்வின் சார் என் ஸ்கிரீனைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "ஏம்மா கோமதி, அமெரிக்கால டிரைவர் எந்தப் பக்கம் உக்காருவாரு?"

"வலது... ஐயோ, இடது சார்."

"அம்புட்டுதான். நீ இம்புட்டு நேரமும் பக்கத்து சீட்டப் பாத்துருக்க."

பக்கத்து மேஜை முத்துமாரியக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. சீட்டைத் திருத்திக்கொண்டேன், குறுக்கு வழியை விடவில்லை. வேகம் கூடியது. ஒரு மாதத்தில் மற்ற ஐந்து பேருக்கும் நானே அதைச் சொல்லிக்கொடுத்தேன்.

2. சாப்பாட்டு நேரத்துச் சண்டை

அமெரிக்காவில் எந்த ஊர் எதிர்காலம் மாதிரி இருக்கிறது என்பதுதான் தினமும் டிபன் பாக்ஸைத் திறந்ததும் வரும் சண்டை. நாங்கள் யாரும் விமானத்தில்கூட ஏறியதில்லை. ஆனால் அந்த ஊர்களின் முக்கும் சந்தும் எங்களுக்கு அத்துபடி.

முத்துமாரியக்கா லாஸ் வேகாஸ் கட்சி. அங்கே உருண்டையாக ஒரு பெரிய கட்டடம் இருக்கிறது. அதன் வெளித்தோல் முழுக்க ஸ்கிரீன். ஒரு படத்தில் நிலாவாக இருக்கும், அடுத்த படத்தில் கண்ணாக முழிக்கும். "அதுக்கு பில்டிங்னு பேர் போடவா, விளம்பர போர்டுன்னு போடவா, ஏட்டி?" என்று அக்கா கேட்டு, அரை நாள் வேலை நின்றிருக்கிறது.

நான் மயாமி. கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே, தலைக்கு மேலே, சின்ன ரயில் டிரைவர் இல்லாமல் போகும். டிக்கெட்டும் கிடையாது. செல்வின் சார் சியாட்டில். "ஊசி மாதிரி கோபுரம், ஒத்தத் தண்டவாள ரயிலு. எங்கப்பா காலத்துலயே கட்டிட்டாம்மா. இன்னும் புதுசாத்தான இருக்கு?" என்பார். அதுவும் நியாயம்தான்.

பீனிக்ஸ் பேரை யாரும் எடுக்கவில்லை. பாலைவன ஊர். தட்டையான வீடுகள், அகலமான ரோடு, தூரத்தில் பச்சையே இல்லாத மலை, மே மாதத்து மத்தியானம் மாதிரி வெயில். "இதுக்கு நம்ம ஊரே தேவலட்டி, மலையாவது பச்சையா இருக்கு" என்றது அக்கா.

3. பேட்ச் போக மூன்று மணி நேரம்

அந்த பீனிக்ஸ் படங்கள்தான் ஒரே பேட்ச்சாக, மொத்தமாக, எங்களுக்குப் பரீட்சையாக வந்தன. பாஸானால் பெரிய புராஜெக்ட் எங்களுக்கு. இல்லாவிட்டால் மாடியைக் காலி பண்ணி, ஆறு சீட்டையும் கோயம்புத்தூருக்கு மாற்றிவிடுவார்கள். நான் எங்கே வேண்டுமானாலும் போய்விடுவேன். முத்துமாரியக்கா வத்திராயிருப்பிலிருந்து பஸ்ஸில் வருகிற ஆள், மகள் இரண்டாம் கிளாஸ். அக்கா எங்கே போகும்?

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குக் கொடுக்க வேண்டும். படங்களில் நிறைய கார்கள், மண்டையில் கொண்டை வைத்த மாதிரி ஒரு கருவியோடு, நடுரோட்டில் ஆள் இல்லாமல் நின்றன. எல்லாம் பார்க்கிங் என்று போட்டோம்.

"நடுரோட்டுல வண்டியப் போட்டுட்டு டீ குடிக்கப் போயிருவாங்க போல" என்றது அக்கா.

"அமெரிக்கால எல்லாத்துக்கும் சுதந்திரம்க்கா" என்றேன் நான்.

இரண்டு மணிக்கு ஒரு படம் வந்தது. கருப்பு நாயோடு ஒரு தாத்தா ரோட்டைக் கடக்கிறார், அவருக்கு முன்னால் ஆளில்லாத வெள்ளைக் கார் நிற்கிறது. அந்த நாயை எனக்குத் தெரியும், காலையில் அதற்கு பாக்ஸ் போட்டிருந்தேன். பழைய படத்தைத் தேடி எடுத்தேன். அதில் தாத்தா இன்னும் பிளாட்பாரத்தில் இருக்கிறார், அதே வெள்ளைக் கார் ஒரு கடை தள்ளி வந்துகொண்டிருக்கிறது. அதிலும் முன்சீட் காலி. ஜூம் பண்ணினேன். பின்சீட்டில் ஒரு பெண் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

உடம்பு சிலிர்த்துவிட்டது. ஆள் இல்லாமல் ஓடும் வண்டிக்குக் கண் கொடுக்கிற வேலை பார்ப்பவர்கள் நாங்கள். அது இனிமேல்தான் வரப்போகிறது என்ற நினைப்பிலேயே இருந்துவிட்டோம். அது வந்து எங்கள் படத்திலேயே நின்றபோது அடையாளம் தெரியவில்லை. ஆனால் தாத்தாவைப் பாருங்கள்: டிரைவரே இல்லாத வண்டி தனக்காக நிற்கிறது, அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை! அந்த நிமிஷமே மயாமியை விட்டு பீனிக்ஸ் கட்சிக்கு மாறிவிட்டேன்.

சந்தோஷம் அரை நிமிஷம்தான். ஆறு பேரும் என் குறுக்கு வழியில்தான் வேலை பார்த்திருக்கிறார்கள். தரம் சோதிக்கிற க்யூசியில் எல்லாப் படத்தையும் பார்க்க மாட்டார்கள், சும்மா இருந்தால் தப்பிக்கவும் செய்யலாம். ஆனால் தாத்தா முன்னால் நிற்கிற வண்டியை "பார்க்கிங்" என்று நானே ஒரு மெஷினுக்குப் படித்துக்கொடுத்தால், அது நாளைக்கு யாருக்கு முன்னால் என்ன செய்யும்?

"சார், பேட்ச் முழுக்கத் தப்பு. நாந்தான் காரணம்."

சார் இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டவில்லை. "எத்தன படம்?"

"தெரியல சார்."

"தெரியலன்னு மெயில் போட முடியாதும்மா. பார்க்கிங்னு போட்டத மட்டும் வடிகட்டி எடு. கொண்ட வச்ச வண்டிய மொதல்ல பாருங்க. ஏலே, யாரும் டீக்குக் கீழ எறங்கக் கூடாது."

ஐந்து மணிக்குப் பாதிக்கு மேல் முடித்திருந்தோம். மிச்சப் படங்களின் நம்பரை எழுதி, இவை தப்பாக இருக்கலாம், காரணம் இது என்று நான்தான் மெயில் எழுதினேன். அனுப்பிவிட்டு அக்கா முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

"ஏம்ட்டி மூஞ்சியத் தொங்கப் போடுத? நீ சொன்னத நாங்க கேட்டுக்கிட்டோம்ல, எங்களுக்கு எங்க போச்சு புத்தி?" என்றது அக்கா.

4. பதில்

திங்கட்கிழமை, படம் அனுப்புகிற கம்பெனியிடமிருந்து பதில் வந்தது. பாஸ் என்று இல்லை. எப்படிப் பேர் போடுவது என்று அவர்கள் கொடுத்த கைட்லைனில் ஆளில்லாத வண்டியைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததை ஒத்துக்கொண்டிருந்தார்கள். மிச்சத்தைத் திருத்த ஒரு வாரம் கொடுத்து, கண்டுபிடித்தவரே அதற்கு ஒரு பக்கம் எழுதித்தரட்டும் என்று கேட்டிருந்தார்கள். அந்த வாரம் முடிந்து, ஆறு சீட்டும் மாடியிலேயே இருந்தன.

நான் எழுதிய பக்கம் சின்னதுதான். சீட்டைப் பார்க்காதே, சக்கரத்தைப் பார். வண்டிக்கு முன்னால் யார் இருக்கிறார் என்று பார். சந்தேகம் வந்தால் பாக்ஸைக் காலியாக விட்டுவிட்டுக் கையைத் தூக்கு.

புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இதில் கடைசி வரிதான் கஷ்டமாக இருக்கிறது. வேகமான ஆட்களுக்கு இன்னும் கஷ்டம். எனக்குத் தெரியும்.

முத்துமாரியக்கா மட்டும் இன்னும் வேகாஸ் கட்சியிலேயே இருக்கிறது.