யார் முறையில் ஒழுகிய எண்ணெய்

சூடான சைலன்சர் குழாய்மேல் எஞ்சின் ஆயில் சொட்டிக் கருகும்போது ஒரு வாசனை வரும். தீய்ந்த நல்லெண்ணெய் மாதிரி தொடங்கி, தொண்டையில் போய் உட்கார்ந்துகொண்டு காற வைக்கும். தஞ்சாவூர்ப் பேருந்து நிலையத்தில் ஏதாவது பழைய வண்டியின் பக்கத்தில் அந்த வாசனை ஏறினால் கூட வருபவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். எனக்குக் கோபம் வரும். இளமைக்கால வாசனை என்றால் மண்வாசனை, மல்லிகை வாசனை என்று எழுதுகிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள். எனக்கு வாய்த்தது இதுதான்.

நன்னிலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஆற்றில் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. குறுவைக்கு நாற்று விட வேண்டுமானால் பூமிக்குள் குழாய் இறக்கிய "பில்டர் பாயின்ட்"தான் கதி. அதிலிருந்து தண்ணீரை இழுக்க எங்களிடம் ஒரு டீசல் எஞ்சின் இருந்தது. எங்களிடம் என்றால் அப்பாவிடமும் பெரியப்பாவிடமும். தாத்தா இறந்து பாகம் பிரித்தபோது நிலத்தைப் பிரித்தார்கள், மாடுகளைப் பிரித்தார்கள், கொல்லையில் நின்ற தென்னைகளைக்கூட இதற்கு அது என்று ஈடு கட்டிப் பிரித்தார்கள். எஞ்சினை மட்டும் பிரிக்க முடியவில்லை. ஒரு நாள் அவருக்கு, மறுநாள் இவருக்கு என்று "முறை" வைத்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். பாகம் பேச உட்கார்ந்த ஊர்ப் பெரியவர் ஒருவர், "நாளைக்கு நீ கெடுத்த, நான் கெடுத்தேன்னு வரக் கூடாது. எஞ்சினைக் கழட்டுறதா இருந்தா ரெண்டு பேரும் பக்கத்துல நின்னுதான் கழட்டணும்" என்று ஒரு வார்த்தையைச் சேர்த்துவிட்டு, வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போனார். அண்ணனும் தம்பியும் அன்று சாயங்காலத்தோடு முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினார்கள். பேசாத இரண்டு பேர் எப்படிப் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள் என்று அந்தப் பெரியவரை யாரும் கேட்கவில்லை.

எஞ்சின் தலையில் வால்வுகளை மூடியிருக்கும் தகட்டு மூடிக்கு "டேப்பட் கவர்" என்று பெயர். அந்த மூடிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் கார்க்கில் வெட்டிய "பேக்கிங்" இருக்கும். சூட்டில் வெந்து வெந்து அது விறைத்துப்போனால் ஓரத்தில் எண்ணெய் கசியும். பழையதைச் சுரண்டி எடுத்து, மண்ணெண்ணெயால் துடைத்து, புதியதை வைத்து மூட வேண்டும், அவ்வளவுதான் வைத்தியம். ஆனால் அதற்கு மூடியைக் கழற்ற வேண்டும். கழற்றினால் இருவரும் வந்து நிற்க வேண்டும். இறுக்குவதற்கு அப்படி எந்தக் கட்டுப்பாடும் இல்லை. ஆகவே இறுக்கினார்கள். தன் முறையில் அப்பா ஸ்பேனரைப் போட்டு ஓர் இழுப்பு இழுத்துவிட்டு வருவார். மறுநாள் பெரியப்பா, தம்பிக்கு இறுக்கக்கூடத் துப்பில்லை என்று முனகிக்கொண்டே இன்னோர் இழுப்பு இழுப்பார். தகடு எவ்வளவுதான் தாங்கும்? நட்டு இருந்த இடத்தில் குழிந்து, மற்ற ஓரங்களில் வாயைப் பிளந்துகொண்டது. இறுக்க இறுக்க ஒழுகல் கூடியது. ஒழுகல் கூடக் கூட இவர்கள் இன்னும் இறுக்கினார்கள்.

"என்னங்க, குக்கர்ல ஓரமா ஆவி போனா மூடியை அமுக்கிப் புடிச்சுக்கிட்டா நிக்கிறோம்? ரப்பரை மாத்துறோம். அதைக் கழட்டிப் பாருங்களேன்" என்று அம்மா சோறு போடும்போதெல்லாம் சொல்லிப் பார்த்தாள்.

"குக்கரும் எஞ்சினும் ஒண்ணா? அவரு வந்து நிக்கட்டும், கழட்டுறேன்" என்பார் அப்பா. அவர் போய்க் கூப்பிட மாட்டார். அந்த வீட்டில் பெரியம்மாவும் இதையே சொல்லி இதே பதிலை வாங்கிக்கொண்டிருந்தாள். ஓரகத்திகள் இரண்டு பேரும் கொல்லை வேலியோரம் கருவேப்பிலை பறிக்கிற சாக்கில் சந்தித்து, ஒருத்தி வீட்டு வீம்பை இன்னொருத்தியிடம் சொல்லித் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

சொட்டிய எண்ணெயில் கொஞ்சம் சைலன்சர் குழாய்மேல் கருகும், மீதி எஞ்சின் கொட்டகையின் சிமெண்டுத் தரையில் தேங்கும். அதன்மேல் உமியைத் தூவி ஊற வைத்துக் கூட்டி அள்ளுவது அம்மாவின் வேலையாயிற்று. யார் கொடுத்த வேலை என்று கேட்டால் பதில் கிடையாது. ஆண்கள் ஒழுகவிட்டதைப் பெண்கள் துடைக்க வேண்டும் என்பது பத்திரத்தில் எழுதாமலே நடக்கிற காரியம். எங்கள் முறையன்று விடிந்ததும் ஒரு கூடை உமியை இடுப்பில் வைத்துக்கொண்டு போவாள்.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் தெருவில் நடவுக்கு அவள்தான் முதல் கை. இடது கையில் நாற்றுமுடியைப் பிடித்துக்கொண்டு அவள் நட்டுக்கொண்டே பின்னால் போகும்போது வலது கை சேற்றில் இறங்குவதும் ஏறுவதும் கண்ணுக்குப் பிடிபடாது. "கொஞ்சம் மெதுவாப் போயேன்டி, உனக்கு மட்டும் என்ன அவசரம்" என்று கூட நடுகிறவர்கள் சிரித்துக்கொண்டே திட்டுவார்கள். வீட்டில் அவளை எதற்கும் யாரும் மெச்சியதில்லை, வயலில் மெச்சினார்கள். நடவு நாட்களில் அவள் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருப்பாள்.

அந்த வருஷம் நாற்று பறிக்கிற பருவத்துக்கு வந்திருந்தது. முந்தைய நாள் பெரியப்பா முறை. பொழுதெல்லாம் ஓடிய எஞ்சின் தரையை எண்ணெயால் மெழுகி வைத்திருந்தது. காலையில் உமிக் கூடையோடு உள்ளே கால் வைத்த அம்மா வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு ஒடிந்துவிட்டது. அலறல் கேட்டு நான் ஓடிப்போனபோது, மேலெல்லாம் உமி கொட்டிக் கிடக்க, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "நடவுக்கு ஆள் சொல்லியாச்சேடி" என்றாள் என்னைப் பார்த்து.

அவள் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து படுத்த அன்று, அப்பா எங்கள் வாசலில் நின்று வானத்தைப் பார்த்துப் பேசினார்: "அவரு முறையில ஒழுகுன எண்ணெய். அவருல்ல தொடச்சிருக்கணும்?" பெரியப்பா தன் வாசலில் நின்று தெருவைப் பார்த்துப் பேசினார்: "விழுந்தது அவன் முறையன்னைக்கு. பார்த்து நடக்கச் சொல்லணும்." இப்படியே மாற்றி மாற்றி வெகுநேரம். எண்ணெய் யாருடையது என்று தெரிந்துகொள்ள இருந்த அக்கறை, கை யாருடையது என்பதில் ஒருவருக்கும் இல்லை. நான் சின்னப் பெண். இரண்டு பேர் மேலும் கல்லை விட்டெறிய வேண்டும் போலிருந்தது. இதை எழுதும்போதும் அப்படித்தான் இருக்கிறது.

மறுநாள் பெரியம்மா யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி நன்னிலம் போய், புது பேக்கிங்கோடு மெக்கானிக் சாதிக் பாயைக் கையோடு கூட்டிவந்துவிட்டாள். அவர் எஞ்சினைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுத் தயங்கினார். "சின்ன வேலைதான்க்கா. ஆனா பெரியவரும் சின்னவரும் வந்து நிக்கட்டும். நாளைக்குப் பழி என் தலையில விழும்" என்றார். எங்கள் வீட்டு லட்சணம் நன்னிலம் வரைக்கும் போயிருந்தது.

பெரியம்மா அவர் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கித் தானே நட்டில் மாட்டினாள். அத்தனை நாள் இறுக்கிய நட்டு அசையவில்லை. சேலையை இழுத்துச் செருகி, எஞ்சின் மேடையில் காலை உதைத்துக்கொண்டு இழுத்தாள். யார் போய்ச் சொன்னார்களோ, அந்தப் பக்க வரப்பிலிருந்து பெரியப்பாவும் இந்தப் பக்கமிருந்து அப்பாவும் ஓட்டமாக ஓடிவந்தார்கள்.

"யாரைக் கேட்டுடி அதுல கை வச்ச?" என்று பெரியப்பா கத்தினார். "அண்ணி, அதைத் தொடாதீங்க" என்று அப்பா கத்தினார். அம்மா விழுந்த அன்று இந்த ஓட்டத்தை நான் பார்க்கவில்லை.

பெரியம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஸ்பேனரை பாயிடம் நீட்டினாள். "ரெண்டு பேரும் வந்து நின்னாச்சு. நீங்க கழட்டுங்க பாய்."

உலையில் போட்ட அரிசி வெந்து வடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. பாய் மூடியைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டிக் குழிவை நிமிர்த்தினார். கரியாகிப்போன பழைய பேக்கிங் துண்டு துண்டாக உதிர்ந்தது. புதியதை வைத்து, "கையால திருகி, மேல ஒரு இறுக்கு போதும்" என்று மூடினார். எஞ்சினை ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு சொட்டு வெளியே வரவில்லை. அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு திசையில் திரும்பி நடந்தார்கள்.

அந்தக் குறுவை நடவை அம்மா கட்டுப் போட்ட கையோடு வரப்பில் நின்று பார்த்தாள். கட்டைப் பிரித்தபோது மணிக்கட்டு கோணலாகக் கூடியிருந்தது. நாற்றைப் பிரித்து ஊன்றும் அளவுக்கு விரல்கள் வளையவில்லை. அதற்குப் பிறகு அவள் வயலில் இறங்கவே இல்லை.

இன்று அந்த எஞ்சின் இல்லை, பழைய இரும்புக்குப் போய்விட்டது. கொட்டகை இருந்த இடத்தில் கருவை மண்டிக் கிடக்கிறது. கரண்டு மோட்டார் வந்து, நடவுக்கும் மெஷின் வந்துவிட்டது. பெரியம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அண்ணன் தம்பிப் பகையும் எப்படிப் போனது என்றே தெரியாமல் போய்விட்டது. கிழவர்கள் இருவரும் இப்போது எங்கள் வாசலில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள். போன பொங்கலுக்குப் பேரப்பிள்ளைகளுக்கு எஞ்சின் கதையைச் சொன்னார்கள். பெரியம்மா காலை உதைத்துக்கொண்டு ஸ்பேனரை இழுத்ததைப் பெரியப்பா நடித்துக் காட்ட, பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். அப்பா சிரித்துச் சிரித்துக் கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டே, "ஆனாலும்ண்ணே, அந்த எண்ணெய் ஒங்க முறையில ஒழுகுனதுதான்" என்றார். "விழுந்தது ஒன் முறையிலதானேடா?" என்று பெரியப்பா அவர் தொடையில் தட்டினார்.

டம்ளர்களை எடுக்க வந்த அம்மா நின்றாள். "எண்ணெய் ஒழுகுனது அவரு முறை, அதுக்கு மறுநாள் உங்க முறை" என்றாள் அப்பாவைப் பார்த்து. "அதுக்கப்புறம் இத்தனை வருஷமும் என் முறைதாங்க."

சிரிப்பு நின்றது. நான் வாயைத் திறக்கப் போனேன். நான் சேர்த்து வைத்திருந்தது நிறைய இருந்தது. அம்மா இடது கையால் டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டு, "நீ உள்ள வா" என்று என்னைக் கூப்பிட்டாள்.