தளேகாவ் குழாய்த் தண்ணீரும் கொஞ்சம் நீல ஒளியும்

இந்த ஜூலையில் தளேகாவிலிருந்து புனேவுக்கு லோக்கல் ரயிலில் மூன்று நாள் போய்வந்தேன். மழையில் பச்சை பிடித்த மலைகளைப் பார்க்க அல்ல. மடியில் அக்காவின் தொழிற்சாலை கேன்டீன் தண்ணீர் இருந்தது. அக்காவையும் சேர்த்து அவள் லைனில் ஒன்பது பேருக்கு வயிற்றுப்போக்கு. வெளியே வடாபாவ் தின்றதுதான் காரணம் என்றார் சூப்பர்வைசர். எதிர்த்துக் கேட்ட அக்காவுக்கு அடுத்த மாதம் ஒப்பந்தம் கிடையாதாம்.

காலை 8.40 வண்டி, டிக்கெட் பத்து ரூபாய். சிவாஜிநகரில் 9.30. அங்கிருந்து தண்ணீர்ப் பரிசோதனைக்கூடம் மூன்று கிலோமீட்டர்.

"க்யா பாய், கங்கா ஜல்?" என்றார் ஆட்டோக்காரர், பையில் நீட்டிக்கொண்டிருந்த பாட்டிலைப் பார்த்து. குடித்தால் நேராக மோட்சம் என்றேன், எனக்குத் தெரிந்த இந்தியில்.

பரிசோதனைக்கூடத்துப் பெண் பையைத் திறந்ததும் சிரித்துவிட்டார். அக்கா பிடித்துக் கொடுத்தது பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில். "இதில் கிருமி இருந்தால் குழாயுடையதா, உங்கள் வாயுடையதா?" கொட்டிவிட்டு, கிருமி நீக்கிய பாட்டில் ஒன்று கொடுத்தார். கோபம் வந்தது. ஆனால் கம்பெனியும் அதையேதான் கேட்டிருக்கும்.

மறுநாள் காலை, நைட் ஷிப்ட் முடிந்து அக்கா வெளியே வந்தபோது கேட்டில் வழக்கமான பை சோதனை. டிபன் பையில் எதற்கு ஐஸ் என்றார் காவலாளி. "மோர் புளிச்சிரும் அண்ணே" என்று அவள் இந்தியில் சொன்னது வெளியே நின்ற எனக்கே கேட்டது. ஐஸுக்குள் பாட்டில்.

அன்றே பரிசோதனைக்கூடத்தில் அந்தத் தண்ணீரில் ஒரு பொடியைக் கலந்து ஒரு நாள் சூட்டில் வைத்தார்கள். மூன்றாம் நாள் அது மஞ்சளாகியிருந்தது. மஞ்சள் மட்டும் என்றால் மண்ணிலிருக்கும் கிருமியாகவும் இருக்கலாமாம். அந்தப் பெண் அதை இருட்டுப் பெட்டியில் வைத்துப் புற ஊதா விளக்கைப் போட்டார். நீலமாக ஒளிர்ந்தது.

"பொடியில் ஒரு சாயத்தைக் கட்டி வைத்திருக்கிறோம். அந்தக் கட்டை வெட்டிச் சாயத்தை ஒளிரவிடும் நொதி, மஞ்சளாக்கும் இந்தக் கிருமிக் கூட்டத்தில் பெரும்பாலும் ஈ.கோலையிடம்தான் உண்டு. அது வாழ்வது குடலில்."

"அப்படியென்றால் சாக்கடை?"

"மனிதனோ மாடோ, ஏதோ ஒரு வயிற்றிலிருந்து வந்தது. ஆனால் உங்கள் அக்காவுக்கு நோய் இதனால்தான் வந்தது என்று எழுத மாட்டேன்."

அக்காவிடம் தயங்கித்தான் சொன்னேன். "போதும்டா. வடாபாவுக்கு நான் பதில் சொல்றேன். தண்ணிக்கு அந்த சூப்பர்வைசர் சொல்லட்டும்."

இதே வேலையாகப் போகிறவர்களுக்கு: முதலில் பாட்டிலைப் பரிசோதனைக்கூடத்திலேயே வாங்குங்கள். குழாயடியில் மட்டும் மூடியைத் திறங்கள். ஐஸில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள். அறிக்கையைப் பத்து ஜெராக்ஸாவது எடுங்கள். அக்கா குழாய்க்கு மேல் ஒட்டியதை சூப்பர்வைசர் பத்தே நிமிடத்தில் கிழித்தார். மறுநாள் அதே சுவரில் ஒன்பது இருந்தன. ஒப்பந்தம் என்னாகும் என்று இன்னும் தெரியாது. அந்தக் குழாயில் இப்போது யாரும் குடிப்பதில்லை, சூப்பர்வைசர் உட்பட.